வேலிக்குள் ஓடும் நிரல்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வேலியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கன்று நட்ட நிலத்துக்கு வேலி உண்டு. ஸ்டோருக்குப் பூட்டு உண்டு. ஆபீசுக்குத் தனிச் சாவி உண்டு. வாசலில் ஜாகாக்காரர் உண்டு. புல் வெட்டுவதற்காக வெளியிலிருந்து குத்தகை ஆட்கள் வந்தால், இன்ன இடத்தில் இன்ன நிரை என்று காட்டி அனுப்புவார்களே தவிர, ஸ்டோர்ச் சாவியையும் ஆபீஸ் சாவியையும் சேர்த்து அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அவர்களைத் திருடர்கள் என்று நினைக்கிறோம் என்பது இதன் பொருளன்று. வேலைக்கு எது வேண்டுமோ அது மட்டும் கையில் இருந்தால் போதும் என்பதே தோட்டத்தின் ஒழுங்கு.

ஆனால் கணினியிலும் கைப்பேசியிலும் நாம் இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம். யாரோ எழுதிய, யாரோ அனுப்பிய ஒன்றைத் திறந்து ஓட விடுகிறோம். அதன் கையில் வீட்டுச் சாவிக் கொத்து முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுக்காமல், வேலிக்குள் வைத்தே ஒரு நிரலை ஓட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

முதலில் நிரல் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். கணினி செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பே நிரல். கணக்குக் கூட்டுவதும் நிரல். பாட்டுப் பாடுவதும் நிரல். பிள்ளைகள் விளையாடும் விளையாட்டும் நிரல். சாதாரணமாக நம் வீட்டுக் கணினியில் ஒரு நிரலை நாம் ஓட்டினால், அது நம் பெயரில் ஓடுகிறது. நாம் திறக்கக்கூடிய கடிதங்களை அதுவும் திறக்கலாம். நாம் அழிக்கக்கூடிய படங்களை அதுவும் அழிக்கலாம். நாம் இணையத்தில் அனுப்பக்கூடியதை அதுவும் அனுப்பலாம். அதன் வேலை இரண்டு எண்களைக் கூட்டுவது மட்டுமாக இருந்தாலும், அதன் கையிலுள்ள அதிகாரம் நம் அதிகாரம் முழுவதும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, இடைக்குறி. ஆங்கிலத்தில் இதனைப் பைட்கோடு என்பார்கள். இதை விளக்க நம் பால்மரமே போதும். ஒரு தோட்டத்து மரம் ஓர் இனம். அடுத்த தோட்டத்து மரம் வேறோர் இனம். சிறு தோட்டக்காரர் கட்டிப்பால் கொண்டு வருவார். பெரிய தோட்டத்திலிருந்து பால் வரும். இவை எல்லாவற்றையும் ஆலையில் ஒரே தரமான கட்டியாக்கி விற்கும் ஏற்பாடு மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு வந்தது. எஸ்.எம்.ஆர். எனப்படும் தர மலேசிய ரப்பர் அதுவே. தரம் எழுதிய அந்தக் கட்டியை வாங்கும் தொழிற்சாலை, அது எந்த மரத்துப் பால் என்று கேட்பதில்லை. அதைக் கொண்டு டயரும் செய்யும், செருப்பும் செய்யும்.

நிரலும் அப்படித்தான். நிரலாளர் ஒருவர் சி மொழியில் எழுதுவார்; இன்னொருவர் ரஸ்ட் மொழியில் எழுதுவார். கணினிகளும் பல வகை. ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே வழி செய்வதற்குப் பதிலாக, எல்லா மொழிகளையும் இடையில் ஒரு பொதுக் குறியாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பொதுக் குறியை வாங்கி, தன் கணினிக்கு ஏற்றபடி ஓட்டிக் காட்டும் ஓட்டுநர் நிரல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் இருக்கும். இடைக்குறி ரப்பர்க் கட்டி என்றால், ஓட்டுநர் நிரல் தொழிற்சாலை.

இந்த எண்ணம் புதியதன்று. 1960-களிலேயே கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பி.சி.பி.எல். மொழிக்கு இத்தகைய இடைக்குறியைப் பயன்படுத்தினார். 1970-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பாஸ்கல் மொழிக்கு இதே வழியைக் கையாண்டனர். 1995-இல் ஜாவா வந்தபோது இடைக்குறி உலகமெங்கும் பரவியது. ஜாவாதான் வேலி என்ற எண்ணத்தையும் பெரிய அளவில் கொண்டுவந்தது. இணையப் பக்கத்தோடு சேர்ந்து வரும் சிறு நிரலை ஒரு கூண்டுக்குள் ஓட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கூண்டுக்கு சாண்ட்பாக்ஸ், அதாவது மணற்பெட்டி என்று பெயர். குழந்தைகள் மணற்பெட்டிக்குள் எதை வேண்டுமானாலும் கட்டலாம், இடிக்கலாம்; வீட்டுக் கூடத்துக்கு மணல் வராது.

ஆயினும் அந்தப் பழைய வேலியில் பலமுறை ஓட்டை விழுந்தது. நாளடைவில் இணைய உலாவிகள் ஜாவாவின் அந்தச் சிறு நிரல்களைக் கைவிட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகு எழுந்ததுதான் வெப் அசெம்பிளி என்ற புதிய இடைக்குறி. 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2017-இல் நான்கு பெரிய உலாவிகளிலும் இடம்பெற்று, 2019 டிசம்பரில் உலக வலைக் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. சுருக்கமாக இதனை வாஸ்ம் என்பார்கள்.

இதன் வேலி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஓடத் தொடங்கும் முன்பே குறி முழுவதும் சோதிக்கப்படுகிறது. ஒழுங்கு மீறிய குறியானால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இரண்டாவது, நிரலுக்கென்று அளவு தெரிந்த நினைவகத் துண்டு ஒன்று கொடுக்கப்படுகிறது. அந்தத் துண்டுக்கு வெளியே ஓர் எழுத்தைத் தொட முயன்றாலும் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. வெப் அசெம்பிளிக்குக் கோப்பைத் திறக்கத் தெரியாது; இணையத்தோடு பேசத் தெரியாது; மணி என்ன என்று பார்க்கவும் தெரியாது. வெளியிலிருந்து நாம் எந்தக் கதவைக் கொடுத்தோமோ அந்தக் கதவு மட்டுமே அதற்கு உண்டு. கொடுக்காத கதவைத் தட்டுவதற்குக்கூட வழியில்லை.

இந்தக் கதவுகளைக் கணக்காகக் கொடுப்பதற்கென்று 2019 மார்ச் மாதத்தில் வாஸி என்ற ஒழுங்குமுறை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மொசில்லா, பாஸ்ட்லி, இன்டெல், ரெட் ஹாட் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து பைட்கோடு அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அவர்கள் வளர்த்துவரும் ஓட்டுநர் நிரலுக்கு வாஸ்ம்டைம் என்று பெயர். இது இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் அதன்பின் இணையத் தொடர்பில்லாமலே வேலை செய்யும். இணையம் விட்டு விட்டு வரும் தோட்டப்புறத்துக்கு இது ஒரு நல்ல வசதி.

இனி இதனை ஓட்டிப் பார்ப்போம். கணினியில் கட்டளை வரி என்ற ஒன்று உண்டு. படங்களைச் சொடுக்குவதற்குப் பதிலாக, செய்ய வேண்டியதை எழுத்தில் தட்டிக் கட்டளையிடும் இடம் அது. பார்ப்பதற்குக் கறுப்புத் திரையாக இருப்பதால் பிள்ளைகள் சிலர் அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியதில்லை. நாம் என்ன கொடுத்தோம், என்ன கொடுக்கவில்லை என்பது ஒரே வரியில் கண்ணெதிரே தெரியும் இடம் அதுவே.

மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சொல்லும் ஒரு நிரல் நம்மிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயர் 'கூட்டு'. மதிப்பெண்கள் 'பாடம்' என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன. கட்டளை வரியில் இப்படித் தட்டுகிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளால் தட்ட வேண்டியதை இங்கே தமிழில் தருகிறோம்:

வாஸ்ம்டைம் ரன் கூட்டு.வாஸ்ம்

என்ன நடக்கும்? நிரல் ஓடத் தொடங்கும். திரையில் எழுத அதற்கு அனுமதி உண்டு. ஆகவே வணக்கம் சொல்லும். ஆனால் மதிப்பெண் கோப்பைத் திறக்க முயலும் போது, தனக்கு எந்தக் கோப்புறையும் கொடுக்கப்படவில்லை என்று கூறி நின்றுவிடும். கோப்பு அதே கணினியில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிறது. நிரலுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதைக் கண்டு நிரல் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வேலி வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இப்பொழுது இரண்டாவது கட்டளை:

வாஸ்ம்டைம் ரன் --டிர்=பாடம் கூட்டு.வாஸ்ம்

டிர் என்பது கோப்புறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து. அதன் முன்னே இரண்டு சிறு கோடுகள் உண்டு. 'பாடம் என்ற கோப்புறையை மட்டும் இந்த நிரலுக்குக் கொடு' என்பது இதன் பொருள். இப்பொழுது நிரல் மதிப்பெண்களைப் படித்துக் கூட்டித் தரும். 'பாடம்' கோப்புறையிலிருந்து மேலே ஏறி, குடும்பப் படங்கள் இருக்கும் பக்கத்துக் கோப்புறைக்குப் போக முயன்றால் முடியாது. இணையத்துக்குப் போக முயன்றாலும் முடியாது. இணையத்துக்கு வழி விடும் கட்டளையை நாம் தட்டவே இல்லை.

பிள்ளைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனுமதிகளை நிரலின் பெயருக்கு முன்னே தட்ட வேண்டும். பெயருக்குப் பின்னே தட்டுவது ஓட்டுநருக்கு இட்ட கட்டளையாகாது. அது அப்படியே நிரலின் கைக்குப் போய்விடும். வேலையாளை உள்ளே விடுமுன் ஜாகாக்காரரிடம் சொல்ல வேண்டியதை, வேலையாள் உள்ளே போனபின் அவரிடமே சொல்வது போன்றது அது.

இன்னொன்று. கொடுத்த கோப்புறைக்குள் நிரலுக்குப் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும், அழிக்கவும் முடியும். ஆகவே ஒரே பிரதியாக இருக்கும் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கலாகாது. ஒரு நகல் எடுத்து, அந்த நகல் இருக்கும் கோப்புறையைக் கொடுப்பதே அறிவுடைமை. முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு நேர வரம்பும், நினைவகத்தை விழுங்கும் நிரலுக்கு அளவு வரம்பும் விதிக்கவும் வாஸ்ம்டைமில் வழி உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இடைக்குறியாக இருந்தாலே பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். அப்படியன்று. தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழி இருக்கிறது. 2009-இல் அவர் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 'பதிப்பி' என்று எழுதி, அடுத்து மேற்கோள் குறிக்குள் 'வணக்கம்' என்று எழுதினால் திரையில் வணக்கம் தோன்றும். பிள்ளைகளுக்கு இதைவிட இனிய தொடக்கம் வேண்டியதில்லை. அந்த எழில் மொழி பைத்தான் என்ற மொழியின் மேல் கட்டப்பட்டது. பைத்தானும் தன் கட்டளைகளை இடைக்குறியாக மாற்றித்தான் ஓட்டுகிறது. ஆனால் பைத்தானின் இடைக்குறிக்கு வேலி கிடையாது. ஒரு பைத்தான் நிரலை நாம் ஓட்டினால், அது நம் அதிகாரம் முழுவதோடும் ஓடும். நாமே எழுதிய நிரலானால் கவலை இல்லை. முகம் தெரியாதவர் எழுதியதானால் யோசிக்க வேண்டும். ஆகவே இடைக்குறி வேறு, வேலி வேறு. இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

பெற்றோர்களே, கறுப்புத் திரையும் கட்டளை வரியும் படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் இதே முறையில்தான் ஓடுகிறது. அதில் ஏற்றும் செயலி ஏ.பி.கே. என்ற பொதியாக வருகிறது. அந்தப் பொதிக்குள் இருப்பதும் டெக்ஸ் என்ற ஓர் இடைக்குறிதான். ஒவ்வொரு செயலிக்கும் கைப்பேசி தனி எண் கொடுத்து, தனி அறையில் அடைத்து வைக்கிறது. ஒரு செயலியின் அறைக்குள் மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. நல்ல வேலிதான்.

பின் எப்படி மோசம் நடக்கிறது? 2023-இல் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்சாப்பில் வந்த ஏ.பி.கே. கோப்புகளைப் பற்றி மலேசியக் காவல் துறையினர் பொதுமக்களை எச்சரித்தார்கள். அழைப்பிதழ்தானே என்று தொட்டால், தெரியாத செயலியை ஏற்ற அனுமதி கேட்கும். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாமும் 'சரி', 'சரி' என்று தொட்டுவிடுகிறோம். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அப்போது பெரும்பாலும் குறுஞ்செய்தியில்தான் வந்தது. அதைப் படிக்கும் கதவை நாமே திறந்துவிட்டோம். பெயரையும் கடவுச் சொல்லையும் ஏதோ ஒரு போலிப் பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால், பணம் போய்விடும். வேலி உடையவில்லை, நேயர்களே. வாசலைத் திறந்துவிட்டவர் வீட்டுக்காரரே.

இத்தகைய மோசடிகளைத் தடுப்பதற்காகவே, கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் முறையிலிருந்து மேலும் பாதுகாப்பான முறைகளுக்கு வங்கிகள் மாற வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தது. முப்பது ஆண்டு பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம், வங்கிக் கணக்குக்கு வந்தபின் ஒரே இரவில் போய்விடக்கூடும் என்றால், இது படித்தவர்களின் பொழுதுபோக்குப் பேச்சாக இருக்க முடியாது. இது லயத்து வீட்டுப் பிரச்சினை.

ஆகவே சில வழிகளைக் கைக்கொள்வோம். வாட்சாப்பில் வரும் எந்த ஏ.பி.கே. கோப்பையும் ஏற்றக் கூடாது. அனுப்பியவர் நம் உறவினர் பெயரில் இருந்தாலும் கூடாது. அவர் கைப்பேசியே வேறொருவர் வசம் போயிருக்கலாம். உண்மையான அழைப்பிதழ் படமாக வரும்; அது எந்த அனுமதியும் கேட்காது. ஒரு செயலி அனுமதி கேட்டால், அதன் வேலைக்கு அது வேண்டுமா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு ஏற்றும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? நாட்காட்டிச் செயலிக்கு நம் நண்பர்களின் எண்கள் எதற்கு? முன்பு கொடுத்த அனுமதிகளையும் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் பார்த்து நீக்கிவிடலாம். பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் காட்டுவார்கள். தவறிப் பணம் போய்விட்டதென்றால், கைப்பேசியின் இணையத் தொடர்பை உடனே நிறுத்திவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நேரம் போய்விடும். நேரத்தோடு பணமும் போய்விடும்.

வேலிக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. ஓட்டுநர் நிரலும் மனிதர் எழுதியதே. அதிலும் பிழை இருக்கலாம். அவ்வப்போது வரும் திருத்தப் பதிப்புகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். மேலும், வேலி காப்பது நாம் கொடுக்காதவற்றைத்தான். கொடுத்துவிட்டதை எந்த வேலியும் காக்காது.

ஸ்கூடாய் வட்டாரத்தில் பெரியவர்கள் பால் வெட்டிய நிலங்கள் பலவற்றில் இன்று வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இங்கேதான் இருக்கிறது. கணினித் துறைப் படிப்பு நம் பிள்ளைகளுக்குப் பஸ் தூரத்தில் நிற்கிறது. கூலாய்க்கு அப்பால் செடெனாக்கில் பெரும் தரவு மையங்கள் எழும்பியுள்ளன. ஒரே கணினியில் பலருடைய நிரல்களை ஓட்டும் இடங்களில், ஒருவர் நிரல் மற்றவர் பொருளைத் தொடாமல் காப்பது தலையாய வேலை. பாஸ்ட்லி போன்ற நிறுவனங்கள் அதற்கு இந்த வெப் அசெம்பிளி வேலியையே நம்புகின்றன. அந்த வேலைகளுக்கு ஆள் வேண்டும். அவர்கள் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

கணினியைத் தொட்டால் கெட்டுப்போவாய் என்று பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர் சிலர் உண்டு. அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடுக்கப்பட்ட பிள்ளை மறைவில் போய்த் தொடுவான். அங்கே வேலி இருக்காது. அதைவிட, வேலி கட்டக் கற்றுக்கொடுத்து, முன்கூடத்தில் உட்கார்த்தி வைத்து, 'உன் நிரலுக்கு என்ன கொடுத்தாய், ஏன் கொடுத்தாய்' என்று நாம் கேட்கலாம். கணினி தெரியாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறான் என்று பொருள். பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும் வரையில் ஓட்டாதிருக்கச் சொல்லலாம்.

எதுவும் கொடுக்காமல் தொடங்குவோம். வேண்டியதைக் கேட்டபின், வேண்டிய அளவே கொடுப்போம். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். கட்டளை வரியில் ஓடும் நிரலுக்கும் கைப்பேசியில் ஓடும் செயலிக்கும் இந்த ஒரே விதி பொருந்தும். சாவிக் கொத்து நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.